பாதியில் நின்ற கதை

 

சென்ற மாரிக்கால விடுமுறையில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தன் தாயின் கைத்தொலைபேசியோடு என்னிடம் வந்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பத்து நாட்களாக அவள் யூடியூபில் 'அலிஃப் லைலா' என்ற பழைய இந்தித் தொடரை விடாமல் பார்த்து வந்திருக்கிறாள். ராமானந்த் சாகர் குடும்பத்தார் தயாரித்து, 1993 முதல் 1997 வரை இந்தியத் தூர்தர்சனில் ஒளிபரப்பான தொடர் அது.

"வாப்பா, இது முதலில் புத்தகமாக இருந்ததாமே? நான் அதை வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "போய்ப் பாடப் புத்தகத்தை எடு" என்றா? "ஜின்னும் சூனியமும் நமக்கு எதற்கு?" என்றா? அல்லது பிள்ளை புத்தகம் கேட்கிறாளே என்று மகிழ்ந்து, என்ன ஏது என்று பாராமல் கடைக்கு ஓடியிருப்பீர்களா? நான் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு நாள் அவகாசம் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மன்னார்த் தீவிலுள்ள எங்கள் ஊர் வீட்டில் ஒரு தடித்த அரபுக் கதைப் புத்தகம் இருந்தது. முன் அட்டை கிழிந்து, சாக்குத் துணி வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. என் உம்மம்மாவின் சொத்து அது. அவர் பாடசாலையில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் தமிழை எழுத்துக் கூட்டி உரக்க வாசிப்பார். இரவில் குப்பி விளக்கைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்காருவார்கள். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதுதான் அன்றைய வழக்கம். சீறாப்புராணம் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. கிஸ்ஸாக்களும் நாமாக்களும் முனாஜாத்துகளும் அப்படித்தான் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தாய்மாரின் நெஞ்சில் ஏறின.

1990 ஒக்தோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். கையில் கொண்டுவர முடிந்தது மிகக் கொஞ்சம். உம்மம்மா குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். கதைப் புத்தகம் வீட்டோடு நின்றுவிட்டது.

ஆனால் கதைகள் நிற்கவில்லை. புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டிலின் வாசலில் பாய் விரித்து, இஷாவுக்குப் பிறகு அவர் கதை சொல்லுவார். புத்தகம் இல்லாததால் நினைவிலிருந்து சொன்னார். அடுத்த வேளைக்கு அரிசி இருக்கிறதா என்று தெரியாத நாட்கள் அவை. பிள்ளைகளைப் பசி மறந்து தூங்கவைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். கதை உச்சத்தில் நிற்கும்போது சட்டென்று நிறுத்துவார். "மிச்சம் நாளைக்கு" என்பார். நாளைக்கு ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையை நாங்கள் அந்தச் சொல்லிலிருந்துதான் பெற்றோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பிறகு முகாமுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஒருவர் எங்கிருந்தோ ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து கார் பற்றரியில் பூட்டினார். தென்னை மரத்தில் அன்ரனா கட்டி இந்தியப் பக்கம் திருப்பினார். காற்றுச் சரியாக இருந்த இரவுகளில் படம் தெளியும். இல்லாவிட்டால் வெறும் புள்ளிகள். அதில்தான் நாங்கள் 'அலிஃப் லைலா' பார்த்தோம். இந்தி எங்களில் ஒருவருக்கும் விளங்காது. முதல் சில கிழமைகள் உம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். திரையில் நடப்பதைப் பார்த்து, "இது மீனவன் வலையில் குடம் அகப்பட்ட கதை", "இது சிந்துபாத்" என்று அவர் சொல்லித் தருவார். போகப் போகத் தொடர் தன் விருப்பப்படி நீண்டது. "இது எனக்குத் தெரிந்த கதை இல்லை மகன்" என்று சொல்லிவிட்டு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் நிறுத்தவில்லை.

அப்போது அவர் எங்களுக்குப் பஸறா நகரத்து ஹஸனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். (தாபியீன்களில் பெரியாரான ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அல்லர், கதையில் வரும் ஒரு பொற்கொல்லன்.) அவன் இறகுடை அணிந்து பறக்கும் ஒரு பெண்ணை மணக்கிறான். அவளுடைய இறகுடையை ஒளித்து வைக்கிறான். அவன் ஊரில் இல்லாத வேளையில் உடை அவள் கைக்குக் கிடைக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, "என்னை வேண்டுமானால் வாக்வாக் தீவுகளுக்கு வரச் சொல்லுங்கள்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பறந்து போகிறாள். அந்த இடத்தில் உம்மம்மா நிறுத்தினார். "மிச்சம் நாளைக்கு" என்றார்.

மறுநாள் நாங்கள் தொலைக்காட்சிக்குப் போய்விட்டோம். அதற்கு அடுத்த நாளும் போனோம். 1995 இல் நான் அரபுக் கல்லூரியில் சேர்ந்து வேறு ஊருக்குப் போனேன். 1996 இல் உம்மம்மா காலமானார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! மிச்சத்தை அவர் வாயால் நான் கேட்கவேயில்லை.

மகள் வந்து அந்தத் தொடரின் பெயரைச் சொன்னதும் என் மனதில் வந்து நின்றது இதுதான். எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டதில் வியப்பில்லை அல்லவா?

இனி நீங்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். "மௌலவி, கற்பனைக் கதை வாசிக்கலாமா?"

எங்கள் அரபுக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் நூல்களில் ஒன்று 'மகாமாத்துல் ஹரீரீ'. ஹிஜ்ரி 516 இல் (கி.பி. 1122) காலமான பஸறா நகர் அறிஞர் ஹரீரீ எழுதியது. ஐம்பது கதைகள். அபூ ஸைத் என்ற பேச்சு வல்லவன் ஊர் ஊராகப் போய்த் தன் நாவன்மையால் மக்களை ஏமாற்றிப் பிழைக்கிறான். அத்தனையும் கற்பனை. அதை மௌலவிமார் ஆகப்போகிறவர்கள் சொல்லுக்குச் சொல் மனனம் செய்கிறார்கள். ஹரீரீ தம் முன்னுரையிலேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். விலங்குகள் பேசுவதாகச் சொல்லப்படும் கதைகளை எந்த அறிஞர் வெறுத்து ஒதுக்கினார் என்பது அவர் வாதம். நரிகள் பேசும் 'கலீலா வதிம்னா'வை இப்னுல் முகஃப்பா அரபுக்குக் கொண்டுவந்தது எட்டாம் நூற்றாண்டில். அதை நம் முன்னோர் பொய் என்று எரிக்கவில்லை. கேட்பவனுக்கும் சொல்பவனுக்கும் அது கதை என்று தெரியும். தெரிந்து சொல்வது ஏமாற்று ஆகாது.

பதினொரு பெண்கள் தத்தம் கணவரைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துச் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் பொறுமையோடு கேட்டிருந்த செய்தி புகாரியில் உண்டு. உம்மு ஸர்உடைய ஹதீஸ் என்று அதற்குப் பெயர். அதே வேளை, நழ்ரு இப்னு ஹாரிஸ் என்பவனையும் நாம் மறக்கக் கூடாது. குர்ஆன் ஓதப்படும் சபையிலிருந்து மக்களை இழுத்துப்போக அவன் பாரசீக வீரர்களின் கதைகளைக் கடைவிரித்தான். ஆக, கதையை எடைபோட ஒரு தராசு நம்மிடம் இருக்கிறது. அது எந்தக் கடமையிலிருந்து நம்மை இழுத்துப் போகிறது, எதை நோக்கித் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். பத்து நாட்கள் இரவு பகலாகத் திரையைப் பார்த்த என் மகளைத் தொடர் எதிலிருந்து இழுத்தது என்று கேட்டேன். அவளே வெட்கப்பட்டு, "இரண்டு நாள் ஸுபுஹு கழா ஆகிவிட்டது வாப்பா" என்றாள். உண்மை சொன்னதற்காக நான் ஏசவில்லை.

இப்போது நூலைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர். 'அலிஃப்' என்பது அரபின் முதல் எழுத்து. 'அல்ஃப்' என்றால் ஆயிரம். நூலின் பெயர் 'அல்ஃப் லைலா வலைலா', ஆயிரத்தோர் இரவு. இந்தியிலும் உருதுவிலும் நாக்குக்கு வசதியாக அது 'அலிஃப் லைலா' ஆகிவிட்டது. அரபு ஓதும் பிள்ளைகள் இந்த ஒரு எழுத்தின் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் அதுவே ஒரு பாடம்.

அடுத்தது, இதற்கு ஓர் ஆசிரியர் இல்லை. பாரசீகத்தின் 'ஹஸார் அஃப்ஸான்' என்ற கதைத் தொகுப்பைப் பத்தாம் நூற்றாண்டில் மஸ்ஊதீயும் இப்னுந் நதீமும் குறிப்பிடுகிறார்கள். இப்னுந் நதீமுக்கு அந்த நூலின் மேல் அவ்வளவு மதிப்பு இருக்கவில்லை. இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடு ஹிஜ்ரி 266 க்கு (கி.பி. 879) முற்பட்ட ஒரு கிழிசல் துண்டு. அதை ஆராய்ந்து 1949 இல் வெளியிட்டவர் நபியா அப்பொட் என்ற பெண் அறிஞர். பக்தாத், திமிஷ்க், கெய்ரோ என்று கை மாறக் கை மாறக் கதைகள் சேர்ந்தன. பிரான்ஸைச் சேர்ந்த கலாண் என்பவர் 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரெஞ்சில் பெயர்த்தபோதுதான் ஐரோப்பா இதைக் கண்டது. அவர் கையிலிருந்த அரபுக் கையெழுத்துப் பிரதியில் 282 இரவுகள்தான் இருந்தன.

உங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் தெரிந்த அலாவுத்தீன் கதை அந்தப் பிரதியில் இல்லை என்றால் நம்புவீர்களா? அலிபாபாவும் இல்லை. 1709 இல் பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ இளைஞர் வாயால் சொல்ல, கலாண் குறிப்பெடுத்து எழுதியவை அவை. சிந்துபாதின் பயணங்களும் முன்பு தனி நூலாக இருந்தவையே; கலாண்தான் அவற்றை இதில் சேர்த்தார்.

இதைக் கேட்ட மகள், "அப்படியென்றால் தொலைக்காட்சிக்காரர்கள் மாற்றியது பிழையில்லையே வாப்பா? எல்லாரும் மாற்றித்தானே இருக்கிறார்கள்?" என்றாள். நல்ல கேள்வி. ஓரிரவு முழுக்க யோசித்தும் "பிழை" என்று என்னால் சொல்ல முடியவில்லை. உம்மம்மாவும் மாற்றித்தான் சொல்லியிருப்பார். சாகரும் ஒரு கதைசொல்லியே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உம்மம்மா ஜின்னைப் பற்றிச் சொன்னபோது பத்துப் பிள்ளைகள் பத்து ஜின்களைக் கண்டோம். என்னுடைய ஜின் பனைமரம் அளவு உயரம். தம்பியுடையதற்கு ஒற்றைக் கண். தொலைக்காட்சி ஜின் வந்த பிறகு எங்கள் எல்லாருக்கும் ஒரே ஜின்தான். அந்தப் பத்தும் எங்கே போயின என்று எங்களுக்கே தெரியாது. திரையில் பார்த்தவன் நூலுக்கு வரும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை, இழந்த தன் ஜின்னைத் திரும்பப் பெறுவதுதான்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. உலகம் முழுவதும் இப்போது இதுவே நடக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த நெடுங்கதை. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அது இரண்டு பாகப் படமாக வந்த பின், ஐந்து பாகங்களையும் தேடி எடுத்த இளைஞர்கள் பலர். ரொபட் ஜோர்டன் என்ற அமெரிக்கர் 1990 இல் 'காலச் சக்கரம்' என்ற பொருள்படும் ஒரு மாயக் கதைத் தொடரைத் தொடங்கினார். முடிக்குமுன் 2007 இல் இறந்துபோனார். பிராண்டன் சாண்டர்சன் என்ற இன்னொரு எழுத்தாளர் அவருடைய குறிப்புகளைக் கொண்டு 2013 இல் பதினான்காம் தொகுதியோடு நிறைவு செய்தார். 2021 இல் அது திரைத் தொடரானது. மூன்று பருவங்களோடு 2025 இல் நின்றுவிட்டது. பார்த்தவர்களுக்குக் கதையின் முடிவு தெரிய வேண்டுமானால் இனி நூல்தான் கதி. அத்தொடரில் நடித்த ரோசமுண்ட் பைக் என்ற நடிகையே நூலை உரக்க வாசித்து ஒலிநூலாகத் தந்திருக்கிறார். ஜோர்ஜ் மார்ட்டின் என்பவரின் கதையிலோ நேர்மாறு. 1996 இல் தொடங்கிய நூல் 2011 இன் ஐந்தாம் தொகுதியோடு நிற்கிறது. திரைத் தொடர் மட்டும் 2019 இல் முடிந்துவிட்டது. (குடும்பத்தோடு பார்க்கத் தகாத தொடர் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) முடிவைத் திரையில் பார்த்துவிட்டவர்கள், எழுதியவர் என்ன முடிவு சொல்லப்போகிறார் என்று இன்னும் காத்திருக்கிறார்கள்.

மழை விட்ட பின் மகளை அழைத்துக்கொண்டு திருக்கேதீஸ்வரத்துக்குப் போனேன். "கதைப் புத்தகம் கேட்ட பிள்ளையை அங்கே எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

மன்னார் நகரிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலத்தில் பத்துக் கிலோமீற்றரளவில், பாலாவித் தீர்த்தக் கரையில் இருக்கிறது அந்தச் சிவன் கோயில். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்பதை நம் இந்துச் சகோதரர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் கோயிலை அடுத்த மேட்டு நிலம்தான் மாந்தை. மாதோட்டம் என்றும் மகாதித்த என்றும் பழைய நூல்கள் சொல்லும் துறைமுகம். பாடசாலையில் என்னோடு கற்பிக்கும் வரலாற்று ஆசிரியர், அந்தப் பகுதியைச் சேர்ந்த சைவர், எங்களைச் சுற்றிக் காட்ட வந்தார்.

ஜோன் கார்ஸ்வெல் என்ற தொல்லியலாளரின் குழு 1980 முதல் 1984 வரை இங்கே அகழ்ந்தது. போர் மூண்டதால் வேலை நின்றது. அதற்குள் மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டச் சில்லுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்தன. போர் முடிந்த பின் மீண்டும் நடந்த அகழ்வில் மிளகும் ஆயிரம் ஆண்டுப் பழமையான கராம்பும் கிடைத்தன. கராம்பு அந்தக் காலத்தில் விளைந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அங்கிருந்து வந்த பொருளும் பக்தாத் பக்கமிருந்து வந்த பாத்திரமும் நம் மாந்தையில் ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன.

"மகளே, சிந்துபாத் ஆறாம் பயணத்தில் எந்த நாட்டில் ஒதுங்கினான்?" என்று கேட்டேன்.

"தெரியாது வாப்பா" என்றாள்.

"ஸரந்தீப். நம் நாடு. கப்பல் உடைந்து, மலைக்கு அடியில் ஓடும் ஆற்றில் தெப்பத்தில் மிதந்து ஸரந்தீபுக்கு வந்தான். நம் அரசன் கொடுத்த கடிதத்தையும் பரிசுகளையும் கலீஃபா ஹாரூன் ரஷீதிடம் கொண்டுபோனான். ஹாரூன் ரஷீத் ஆண்டது கி.பி. 786 முதல் 809 வரை. அந்தக் காலத்திலும் இந்தத் துறையில் கப்பல் வந்து நின்றது."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சிந்துபாத் இங்கே வந்தானா?" என்றாள்.

சகோதரர்களே, பெற்றோர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளையின் முகத்தில் மலர்ந்த ஆசைக்காக "ஆம்" என்று சொல்லிவிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் சிந்துபாத் கற்பனை. கப்பல்கள் உண்மை, மாலுமிகள் உண்மை, சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் நடந்த முத்துச் சலாபம் உண்மை. 1344 இல் புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக் குவியலைக் கண்ட இப்னு பதூதாவும் உண்மை. அந்த உண்மையான மாலுமிகள் ஊருக்குத் திரும்பிப்போய்ச் சொன்ன செய்திகளிலிருந்துதான் கதைசொல்லிகள் சிந்துபாதை உருவாக்கினார்கள். இதைத்தான் அவளுக்குச் சொன்னேன். ஏமாற்றம் அடைவாள் என்று நினைத்தேன். "அப்படியென்றால் நம் ஆட்கள் சொன்ன செய்தியும் அந்தக் கதையில் இருக்கும்" என்றாள். எனக்குத் தோன்றாத விடயம் அது.

குனிந்து ஒரு சிறு ஓட்டுச் சில்லை எடுத்தாள். வரலாற்று ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு மகள். அது எங்கள் எல்லாருக்கும் உரியது" என்றார். வைத்துவிட்டாள்.

வீடு திரும்பியதும் அனுமதி கொடுத்தேன். ஆனால் சில ஒழுங்குகளோடு. உங்கள் வீட்டுக்கும் அவை பயன்படலாம் என்பதால் சொல்கிறேன்.

முழு மூலநூல் பிள்ளைகளுக்கு உரியதல்ல. சந்தையிலும் வீதியிலும் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்ட கதைகள் அதில் உண்டு. ஆகவே சிறுவருக்காகத் தொகுக்கப்பட்ட பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் முதலில் வாசித்துப் பாருங்கள். வாசிக்காமல் தடுப்பதும் வாசிக்காமல் அனுமதிப்பதும் ஒரே சோம்பல்தான்.

தொடரில் ஓரிரு நிமிடம் வரும் இடம் நூலில் எப்படி இருக்கிறது, நூலில் சில பக்கமே உள்ளது தொடரில் ஏன் கிழமைக் கணக்கில் நீள்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். விளம்பரத்துக்கு நடுவே கதை சொல்பவனுக்கும் விடிந்தால் தலை போகும் என்ற நிலையில் கதை சொன்ன ஷஹ்ரஸாதுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கே விளங்கும்.

வரலாற்று மனிதர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கதையில் ஹாரூன் ரஷீத் இரவில் மாறுவேடத்தில் வீதி சுற்றுகிறார். வரலாற்று ஹாரூன் ரஷீத் பெரியதொரு பேரரசை ஆண்டவர், அறிஞர்களைப் போற்றியவர், தவறுகளும் செய்தவர். இரண்டையும் குழப்பவிடாதீர்கள். ஸஹாபாக்களின் பெயரால் கட்டப்பட்ட கதைகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரை வைத்து அரக்கர்களோடும் மந்திரவாதிகளோடும் போரிடும் 'தாஸ்தானே அமீர் ஹம்ஸா' பாரசீகத்திலும் உருதுவிலும் பல தொகுதிகளாக வளர்ந்தது. கதையென்று தெரிந்து படிப்பவருக்குச் சரி. ஸீராவென்று நம்பிவிட்டவருக்கு அது பெரும் இழப்பு.

கண்ணால் வாசிக்க நேரமில்லாத தாய்மார் காதால் கேளுங்கள். ஒலிநூலும் கேள்விதான், நம் பாட்டிமார் கற்றதெல்லாம் கேட்டுத்தான். ஆனால் முடியுமானால் இயந்திரத்திடம் விடாமல் வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். 1885 இல் எங்கள் நாட்டு முஸ்லிம் அறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' போன்ற நூல்களையும் அதே பாயில் வாசிக்கலாம். எகிப்திய அரச குடும்பத்துப் பிள்ளை ஒருவனின் சாகசம் அது. நம் தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று.

இப்போது எங்கள் வீட்டில் இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் மகள் வாசிக்கிறாள். தொலைபேசி அலுமாரிக்குள் போய்விடும். எழுபது வயதைத் தாண்டிய என் உம்மா சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கேட்டிருப்பார். கண் பார்வை குறைந்துவிட்டதால் அவர் புத்தகம் தொட்டுப் பல ஆண்டுகள்.

சென்ற மாதம் பஸறா ஹஸனின் கதை வந்தது. பாதியில் நின்ற கதையின் மிச்சத்தை நான் அரபுக் கல்லூரி நூலகத்தில், மூல மொழியில், திருட்டுத்தனமாக வாசித்து முடித்தது வேறு விடயம். அன்று வாசித்தபோதும் என் காதில் உம்மம்மாவின் குரல் இல்லாதது ஒரு குறையாகவே இருந்தது. மகள் வாசித்துக்கொண்டே வந்து, இறகுடைப் பெண் பறந்து போகும் இடத்தை அடைந்தாள். அவள் பக்கத்தைத் திருப்புமுன் என் உம்மா, "நில்லு புள்ள" என்றார்.

"உங்கட மூத்தம்மா இதை இப்படிச் சொல்லல்ல. பறந்து போகும்போது அவள் மாமியிட கையைப் பிடிச்சு அழுதவள். 'நான் உங்கட மகனை வெறுத்துப் போகல்ல மாமி, என்ட ஊரை நினைச்சுப் போறன்' என்று சொன்னவள். அதுக்குப் பிறகு..." என்று தொடங்கி, மிச்சம் முழுவதையும் சொன்னார். சிறு பெண்ணாக மன்னார் வீட்டின் குப்பி விளக்கடியில் பலமுறை கேட்ட கதை. ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

எத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்! மிச்சம் யாரிடமோ இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. உம்மம்மாவோடு போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தேன். கேட்க ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையைப் பாயில் கொண்டுவந்து உட்காரவைத்ததும், உண்மையைச் சொல்வதானால், அன்று என்னை அந்தப் பாயிலிருந்து எழுப்பிக்கொண்டு போன அதே தொடர்தான்.

மகள் இப்போது ஒரு கொப்பியில் எழுதி வருகிறாள். வலப் பக்கத்தில் புத்தகத்தில் உள்ளபடி. இடப் பக்கத்தில் மூத்தம்மா சொன்னபடி.

உங்கள் வீட்டிலும் சுவரில் சாய்ந்து ஒருவர் இருப்பார். பிள்ளைகள் தொலைக்காட்சியில் எந்தக் கதையைப் பார்த்தாலும் பார்க்கட்டும். அதன் நூலைத் தேடட்டும். அதற்கு முன் அல்லது பின், அந்தப் பெரியவரிடமும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். அவர் இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். மிச்சம் நாளைக்கு என்று நாம் சொல்லலாம். நாளை அல்லாஹ்வின் கையில் இருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.